ஒன்பதாம் அறையில் ஒரு ஸ்கேனர்

லேப்டாப்பை மூடக்கூட நேரமில்லை. திறந்தது திறந்தபடியே அதை மார்போடு அணைத்துக்கொண்டு தென்றல் மாடிப்படிகளில் ஓடி இறங்கினாள். கடைசித் திருப்பத்தில் கால் புரண்டது. கைப்பிடிக் கம்பியில் தோள் மோதியது. நிற்கவில்லை.

"வசந்தகுமார் சார்! பஸ்ஸை எடுக்கச் சொல்லாதீங்க! உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்காங்க சார்!"

யார் காதில் விழும்? வாசலில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. உடைத்த பூசணிக்காய்களின் மேல் ஏறி நின்றபடி நான்கு பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஜன்னலோர இடத்துக்குச் சண்டை, பொரிப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு கிண்டல், ஒருத்தி தலையில் இன்னொருத்தி அவல் கொட்டிய சிரிப்பு. ஆயுத பூஜை. நாளைக்கும் லீவு. மணி ஒன்று இருபது.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற சாலையில் இருக்கும் குளிர்கிடங்கு அது. ஐஸ்கிரீம், பட்டாணி, மீன் என்று பெட்டி பெட்டியாக அடுக்கிவைக்க வரிசையாக ஒன்பது அறைகள். எந்த நேரமும் மைனஸ் பதினெட்டு டிகிரி. சுவர்கள் ஒரு முழ கனம். இரண்டு பக்கமும் தகரம் போர்த்தியவை. கதவு மூடினால் செல்போன் டவர் செத்துவிடும். அதனால்தான் அறைக்கு ஒன்றாகக் கூரையில் வைஃபை ஆக்ஸஸ் பாயிண்ட் மாட்டச் சொல்லி, தென்றலின் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது. எந்த இடத்தில் எது என்று ப்ளானில் குறித்து கம்ப்யூட்டரில் பெயர் கொடுப்பது தென்றலின் வேலை. லிஃப்ட் வண்டியில் ஏறி, விறைத்த விரலோடு மாட்டுவது டில்லிபாபுவின் வேலை. வெள்ளையாய் வட்டமாய் இருப்பதால் அவர் அதற்கு வைத்த பெயர் அப்பளம்.

இரண்டு வாரத்து வேலை இன்றைக்கு முடிந்திருந்தது. பெட்டிகளின் லேபிளைப் படிக்கிற இருபத்துநாலு கை ஸ்கேனர்களையும் அணைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே மாடி சர்வர் ரூமில் இருந்த திரை, 'இணைந்துள்ள கருவிகள் – பூஜ்யம்' என்று காட்ட வேண்டும். அதை ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் தென்றலும் வீட்டுக்குக் கிளம்பலாம்.

திரை 'ஒன்று' என்றது.

ஸ்கேனர் பதினேழு. அறை ஒன்பது.

 அதைப் பார்த்த அடுத்த நொடி ஓட ஆரம்பித்தாள்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் வசந்தகுமார் முதல் பஸ்ஸின் படியில் நின்று லிஸ்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். வேட்டி கட்டியிருந்தார். நெற்றியில் குங்குமம் வியர்வையில் இறங்கி மூக்கு வரைக்கும் வந்திருந்தது.

"இன்னா மேடம், பொரி வாங்கலியா நீங்க?"

"சார், ஃப்ரீசர் உள்ள யாரோ இருக்காங்க. ஒன்பதாம் ரூம். கதவைத் திறங்க."

அவர் சிரித்தார். "உள்ள ஐஸ்கிரீம்தான் கீது. பன்னெண்டு பத்துக்கே ஒம்போது ரூமுக்கும் லீவு பூட்டு போட்டாச்சி."

"பூட்டுறதுக்கு முன்னால உள்ள பாத்தாங்களா?"

"வெளியவே தலைய எண்ணியாச்சே. அறுபத்திரெண்டு பேரு, அறுபத்திரெண்டு பொரி பாக்கெட்டு. பேருக்கு நேரா டிக்கு." லிஸ்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "ஒரு பாக்கெட்டு மிச்சமில்ல."

"ஸ்கேனர் பதினேழு உள்ளேருந்து கனெக்ட் ஆகியிருக்கு சார்!"

"ஓ, அதுவா. எவனாவது பொட்டி மேல வெச்சிட்டு மறந்து வந்திருப்பான். நாளை மறுநாள் எடுத்துக்கலாம் வுடுங்க."

தென்றலின் உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. பிரித்தாள்.

"நகருது சார் அது. சிக்னல் ஏறி ஏறி எறங்குது. கையில வெச்சிக்கிட்டு யாரோ நடக்கறாங்க. சத்தியமா சொல்றேன், உள்ள ஆள் இருக்கு!"

வசந்தகுமார் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் குரலில் இருந்தது புரிந்தது. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பாட்டு பாதி வரியில் அறுந்தது.

"ஸ்கேனர் பதினேழு யாரோடது?" என்று பஸ்ஸுக்குள் பார்த்துக் கத்தினார்.

மூன்றாவது சீட்டிலிருந்து ஒரு பெண் மெதுவாக எழுந்தாள். கனிஷ்கா. சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் ஏறுகிறவள். அவள் மடியில் இரண்டு பொரிப் பொட்டலங்கள் இருந்தன.

"சுபஸ்ரீயோடது சார்."

"அவ எங்க?"

"அவ... வல்லக்கோட்டையில அவுங்க மாமா வூடு கீது. கோயிலுக்குப் போறேன்னு காலையில சொல்லிக்கினு இருந்தா. அந்தப் பஸ்ல ஏறியிருப்பான்னு..."

"பொரி வாங்குனாளே! டிக்கு கீதே!"

கனிஷ்காவின் முகம் கோணியது. "நான்தான் சார் அவளுக்கும் சேத்து வாங்குனேன். பாத்ரூம் போயிருக்கா, வந்துடுவான்னு சொல்லி..."

 வசந்தகுமார் வேட்டியை மடித்துக் கட்டினார். வல்லக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் பார்த்த பையன் ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினான். இல்லை.

"எப்ப உள்ள போனா?"

"பன்னெண்டு மணி இருக்கும் சார். 'கடைசி அடுக்குல ரெண்டு பொட்டி எண்ணலடி, ரெண்டே நிமிஷம்'னு... குளிர் ஜாக்கெட்கூடப் போட்டுக்கல சார் அவ. கயட்டிக் குடுத்துட்டா எங்கிட்ட. பூஜைக்கின்னு புதுச் சுடிதாரு..."

மைனஸ் பதினெட்டு. ஒரு மணி இருபது நிமிடம். புதுச் சுடிதார்.

"சாவி!" என்றாள் தென்றல்.

சாவி எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோருமே சட்டென்று அடங்கிப்போனார்கள். கூடத்தின் நடுவே, சரஸ்வதி படத்தின் முன், திருப்புளி, சுத்தியல், ஸ்கேனர், கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் மேலே மகுடம் மாதிரி அந்தச் சாவிக்கொத்து படுத்திருந்தது. மேலே மாலை. மாலைக்கு மேல் சந்தனம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலை முதலாளியின் அம்மா வந்து, இன்னொரு கற்பூரம் காட்டி, தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. போன வருஷம் அவசரத்துக்கு ஒரு ஸ்பேனரை எடுத்த மெக்கானிக்குக்கு அடுத்த மாதமே வேலை போனது.

வசந்தகுமார் படத்தின் முன்னால் போய் நின்றார். கை நீண்டது. பாதியில் நின்றது.

"எம்.டி.க்கு ஒரு போன் போட்டுட்டு..."

தென்றல் போன் போடவில்லை. குனிந்தாள். மாலையைப் பிடித்து இழுத்தாள். எலுமிச்சம்பழங்கள் நாலா பக்கமும் உருண்டன. குத்துவிளக்கு ஆடியது. பின்னால் யாரோ "ஐயோ, தாயே!" என்றார்கள். சாவிக்கொத்து ஈரச் சந்தனத்தோடு வழுக்கிக்கொண்டு அவள் கைக்கு வந்தது. அதை வசந்தகுமாரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"ஒன்பது சார். ஓடுங்க!"

ஓடினார்கள்.

*

அறைகளுக்கு முன்னால் இருக்கிற காரிடார் நீளமாய், வெள்ளையாய், ஒரு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அதுவே நாலு டிகிரிதான். ஒரு பக்கம் மொட்டைச் சுவர். மறுபக்கம் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொன்றிலும் சந்தனம் குங்குமம், ஒவ்வொன்றிலும் பெரிய பூட்டு. எல்லாம் ஒரே அச்சு.

காரிடாருக்குள் கால் வைக்குமுன் தென்றல் தயங்கினாள். கண்ணைச் சுவர் பக்கம் திருப்பாமல், தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். டில்லிபாபு எங்கிருந்தோ ஓடி வந்து அவளோடு சேர்ந்துகொண்டார். நாற்பது வயது ஆள். மூச்சு வாங்கியது.

"இன்னா மேடம் ஆச்சி? பிரியாணி வாங்கப் போன ஆளு நானு, பாதியில திரும்பி வரேன்."

"உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சுண்ணா."

டில்லிபாபு அவளுக்கு முன்னால் ஓடினார்.

வசந்தகுமார் '9' என்று பலகை மாட்டிய கதவின் பூட்டைத் திறந்தார். கதவை நகர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வெண்புகை தரையோடு தரையாக வெளியே வழிந்தது.

"சுபா! ஏ சுபா!" கனிஷ்கா முதலில் பாய்ந்தாள். அவளைப் பிடித்து நிறுத்தி, ஜாக்கெட் போட்டிருந்த இரண்டு லோடர்கள் உள்ளே போனார்கள். டார்ச் ஒளி பட்டாணிப் பெட்டிகளின் மேல் அலைந்தது. வரிசை வரிசையாய். கூரை வரை. விசிறிகளின் இரைச்சல்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

லோடர்கள் புருவத்தில் பனியோடு வெளியே வந்தார்கள். "யாருமில்ல சார். கடைசி வரைக்கும் பாத்துட்டோம். ஸ்கேனருமில்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பொட்டிக்கு நடுவுல கைய வுட்டே பாத்தேன் சார்."

வசந்தகுமார் தென்றலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாதி நிம்மதி, பாதி கொலைவெறி. "இன்னா மேடம் இது? பூஜையைக் கலைச்சி, சாவிய எடுத்து..."

"இருக்காங்க சார்."

"எங்க இருக்காங்க? காட்டுங்க!"

"சார், இருக்காங்க சார்! எனக்குத் தெரியும்!" குரல் கிழிந்தது.

கூட்டம் மெல்ல பின்வாங்கியது. யாரோ ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "உச்சிவேளைடி. அதுதான் காட்டுது."

'அது' எது என்று கேட்கத் தேவையில்லை. இந்தக் கிடங்கில் சேர்ந்த முதல் வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரிசாக்காரன் ஒருத்தன் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மத்தியானம் சரியாகப் பன்னிரண்டேகாலுக்கு. அதிலிருந்து உச்சிப் பொழுதில் காரிடாரில் தனியாகப் போகிறவர்களுக்கு அவன் சுவரைத் தட்டுவானாம். பதில் கொடுத்தால் கூடவே வீட்டுக்கு வருவானாம். டில்லிபாபு இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து சட்டைப்பையில் விபூதி வைத்துக்கொண்டுதான் லிஃப்ட் வண்டியில் ஏறினார். "விபூதி போட்டா சிக்னல் நல்லா வருமாண்ணா?" என்று கேட்டு அவரைப் போன வாரம் முழுக்க ஓட்டியது தென்றல்தான்.

இப்போது டில்லிபாபு அவள் காதோரம் குனிந்தார். "தென்றலு, வாணாம் வா. செத்தவன் பேரு சிஸ்டத்துல கூட ஏறுமோ இன்னாவோ. போயிடலாம்."

"வாய மூடுண்ணா!"

அவர் திடுக்கிட்டார். தங்கை மாதிரி பழகுகிற பெண். இப்படி ஒருநாளும் பேசியதில்லை. அவள் முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது.  ஆனால் விரல்கள் மட்டும் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தன.

மாட்டியதில் எது எது என்று சந்தேகம் வந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஆக்ஸஸ் பாயிண்ட்டைத் தேர்ந்தெடுத்து, 'காட்டு' என்று சொன்னால் அதன் விளக்கு விட்டு விட்டு மின்னும். டில்லிபாபு பாஷையில், அப்பளம் கண்ணடிக்கும். தென்றல் 'அறை ஒன்பது' என்பதைத் தொட்டு அழுத்தினாள்.

"அண்ணா, உள்ள மேல பாருங்க. கண்ணடிக்குதா?"

டில்லிபாபு வாசலில் நின்று தலையை மட்டும் நீட்டிக் கூரையைப் பார்த்தார். நீல விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இல்லியே."

"நல்லா பாருங்க!"

"கண்ணு முழிச்சிக்கினு சும்மா கீது மேடம். கண்ணடிக்கல."

அப்படியென்றால் இது ஒன்பது இல்லை. பலகை ஒன்பது என்கிறது. ப்ளானில் இது ஒன்பது இல்லை. காரிடாருக்குள் வந்த பிறகு தென்றல் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். இதற்கடுத்தும் ஒரு கதவு இருந்தது. அதில் '10'. அறைகளே ஒன்பதுதான். பத்து எங்கிருந்து வந்தது? பின்னால் திரும்பி எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு...

"சார்! எட்டு எங்க?"

"எட்டா?" வசந்தகுமார் விழித்தார். "எட்டு வெக்க மாட்டாங்களே. எம்.டி.க்கு எட்டாம் நம்பர் ஆகாதுன்னு ஜோசியரு சொல்லிட்டாரு. போன வெள்ளிக்கியமதான் பூஜைக்காகப் புதுப் போர்டு..."

அவர் முடிக்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. டில்லிபாபு அப்பளம் மாட்டியது அதற்கும் முந்தின வாரம். ப்ளானின் எட்டு இப்போது ஒன்பது. ப்ளானின் ஒன்பது, பத்து.

ஏழு நிமிடம் தவறான கதவில் போய்விட்டது.

வசந்தகுமார் பத்தாம் கதவுக்கு ஓடி அவசரத்தில் நீட்டிய சாவி பூட்டில் நுழையாமல் தகரத்தைச் சுரண்டியது. டில்லிபாபு பிடுங்கித் திருப்பினார். கதவு நகரவில்லை. பனி பிடித்து இறுகியிருந்தது. நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். 'க்ர்ர்ரக்' என்று ஒரு சத்தம். புகை.

உள்ளே இருட்டு. அந்த இருட்டின் உச்சியில் ஒரு நீலப் புள்ளி.

அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"கண்ணடிக்குது! கண்ணடிக்குது மேடம்!"

கதவின் உட்பக்கம், அவசரத்துக்குத் தள்ளித் திறக்கிற குமிழ் ஒரு பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தது. அதைச் சுற்றித் தகரத்தில் சிவப்பாகத் தீற்றல்கள். குங்குமம் இல்லை.  வாசல் ஓரத்துப் பெட்டியின் மேல் ஸ்கேனர் பதினேழு கிடந்தது.

"சுபா!"

முதல் வரிசை. இரண்டாவது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி, பிரித்த அட்டைப் பெட்டிகளின் குவியல் ஒன்று. அதைச் சுற்றிச் சுற்றி, பெட்டிகள் சரியாமலிருக்கச் சுற்றுகிற கண்ணாடித் தாள். லோடர் ஒருவன் அதைக் கடந்து போய்விட்டான். தென்றல் நின்றாள். அட்டைக்கு நடுவிலிருந்து ஒரு ஜரிகை நுனி எட்டிப் பார்த்தது.

"இங்க! இங்க!"

நகத்தால் கிழித்தாள். உள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அட்டைக்குள் அட்டையாய் சுபஸ்ரீ. உதடு நாவல்பழ நிறம். இமையில் வெள்ளை. இரண்டு கை முட்டிகளிலும் தோல் இல்லை.

"செத்துட்டாளா?" என்று ஒரு குரல்.

டில்லிபாபு மூக்கருகே புறங்கையை வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அந்த நான்கு எண்ணிக்கைக்குள் தென்றல் தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள். வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டையே போட்டுவிட்டாள்.

"மூச்சு கீது!"

*

கூடத்தில் பூஜைக்கு விரித்திருந்த ஜமுக்காளத்திலேயே கிடத்தினார்கள். ஈரமான சுடிதாரை மாற்றிவிட்டு, கிடைத்த ஜாக்கெட்டுகளையெல்லாம் மேலே போட்டார்கள். கையைத் தேய்த்துவிடப் போன ஒருத்தியை ஃபர்ஸ்ட் எய்டு படித்த லோடர் அதட்டித் தடுத்தான். கனிஷ்கா அவளைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே படுத்துவிட்டாள். "எழுந்திரு எருமை, உன் பொரிய நான் துன்னுட்டேன், எழுந்து சண்டை போடு" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருவதற்குள் சுபஸ்ரீயின் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நல்ல அறிகுறி என்றான் அந்த லோடர். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கண் பாதி திறந்தது. தாடை அடித்துக்கொண்டதில் சொற்கள் துண்டு துண்டாக வந்தன.

"வெளிய... தட்டுனாங்க..."

"யாரு சுபா? இன்னா சொல்ற?"

"நான் தட்டுனேன்... வெளியேருந்து... யாரோ... பதிலுக்குத் தட்டுனாங்க..." மூச்சு வாங்கினாள். "ஆளுக்குத் தெரிஞ்சிபோச்சி... வந்துடுவாங்கன்னு... தூங்காம... உக்காந்திருந்தேன்..."

நர்ஸ் பெண் ஆக்ஸிஜன் முகமூடியைப் பொருத்தினாள். "குளிர்ல அப்படித்தான், இல்லாததெல்லாம் கேக்கும். பேசாதம்மா. பொழைச்சிக்குவா, வழி வுடுங்க."

கூட்டத்தில் ஒருத்தி சட்டென்று தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பதிலுக்குத் தட்டியது யாரென்று அவளுக்குத் தெரியும். செத்தவன்தான். காப்பாற்றியிருக்கிறான்.

சைரன் வாசலைத் தாண்டி மறைந்தது. பஸ்களும் ஒவ்வொன்றாய்க் கிளம்பின. வசந்தகுமார் ஒரு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். பத்து வயது கூடியிருந்தார்.

"மேடம், ஒங்க கால்ல வியுந்தாலும் தகும். எம்.டி. போன்ல பேசினாரு. சாவிய எடுத்ததுக்கு ஒண்ணும் சொல்லல. ரிப்போர்ட் கேக்கறாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க, அந்த நகர்ற சிக்னலு, ஏறி எறங்குதுன்னு சொன்னீங்களே, அத்த பிரிண்டு போட்டுக் குடுங்க. அத்த வெச்சித்தான கண்டுபுடிச்சீங்க? மொத பக்கத்துல போட்டுடலாம்."

"நாளைக்கு அனுப்பறேன் சார்."

"இப்பவே குடுங்க மேடம், ஒரு நிமிஷ வேலை."

"நான் எடுக்கறேன், அந்தப் பொண்ணு டயர்டா கீது பாவம்" என்று டில்லிபாபு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தென்றலின் கை அதைத் தடுக்க எழுந்தது. எழுந்து, அப்படியே மடியில் விழுந்தது.

டில்லிபாபு ஸ்கேனர் பதினேழைத் தொட்டார். கடைசி இரண்டு மணி நேரத்துச் சிக்னல் கோடு திரையில் விரிந்தது. இரண்டு வாரமாகப் பார்த்துப் பழகிய கோடு. யார் நடந்தாலும் மலையும் மடுவுமாக ஆடுகிற கோடு. அவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். வசந்தகுமார் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்வரை பேசாமல் இருந்தார்.

"தென்றலு."

அவள் தரையைப் பார்த்தாள்.

"பன்னெண்டு அஞ்சிலேருந்து கோடு போட்டா மாதிரி கீதும்மா. ஸ்கேலு வெச்சி இழுத்தா மாதிரி. வாசலாண்ட பொட்டி மேல கெடந்த ஸ்கேனரு. அது நகரவே இல்லியே."

தென்றல் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"பொய்யா சொன்ன? பரவால்ல, நல்ல பொய்யிதான். ஒரு உசுரு பொயச்சிது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா சும்மா மறந்து வெச்ச ஸ்கேனரா இருக்கலாம்ல? காலி ரூமத் தொறந்தப்பகூட, 'எனக்குத் தெரியும்'னு கத்துனியே. உள்ள ஆளு கீதுன்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

உருண்டு போன எலுமிச்சம்பழம் ஒன்று அவள் காலடியில் கிடந்தது. அதை எடுத்துப் படத்தின் முன் வைத்தாள். 

"பன்னெண்டு இருபதுக்குக் கடைசியா ஒரு தடவை காரிடார்ல நடந்து சிக்னல் பாத்துக்கிட்டிருந்தேன்ணா. எல்லாரும் பூஜைக்குப் போயிட்டாங்க. நான் மட்டும்தான். சுவத்துக்குள்ளேருந்து தட்டுற சத்தம். மூணு தட்டு. நின்னுது. மறுபடியும் மூணு தட்டு. எந்தக் கதவுன்னு தெரியல, தகரம் மொத்தமும் அதிருது. உங்க கதை ஞாபகம் வந்துது. சிரிப்புதான் வந்துது மொதல்ல. 'வாடா, பாக்கலாம்'னு நானும் சுவத்துல மூணு தட்டுத் தட்டினேன்."

டில்லிபாபுவின் கை சட்டைப்பையில் இருந்த விபூதிக்குப் போனது.

"ஒடனே உள்ளேருந்து தடதடதடன்னு... நிக்கவே இல்லண்ணா. நான் ஓடிட்டேன். திரும்பிப் பாக்காம ஓடி வந்து, கூட்டத்துல நின்னு, கற்பூரம் தொட்டுக் கும்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்கன்னு. ஒரு மணி நேரம் கழிச்சி ஸ்க்ரீன்ல அந்த ஸ்கேனரைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, பேயில்லன்னு."

அவள் தன் வலது கை முட்டியை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"பதிலுக்குத் தட்டினது நான்தாண்ணா. அந்தப் பொண்ணு வருவாங்க வருவாங்கன்னு உக்காந்திருந்தது எனக்காக."